கடைசி ஆட்டமும் பழைய கடனும்



கதை கேட்பதும், கேட்ட கதையின் முடிவு நியாயமா அநியாயமா என்று வழக்காடுவதும் மனித குலத்தின் மிகப் பழைய இன்பங்கள். கர்ணனுடைய தேர்ச்சக்கரம் மண்ணில் அழுந்திய கணத்தில் அருச்சுனன் அம்பு தொடுத்தது தருமந்தானா என்று நம் ஊர்த் திண்ணைகளில் எத்தனை தலைமுறையினர் தர்க்கம் செய்திருக்கிறார்கள்! புலவர்களும் சாஸ்திரிகளும் மட்டுமா அந்தத் தர்க்கத்தில் கலந்துகொண்டார்கள்? கூத்துப் பார்த்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பிய உழவரும் வண்டிக்காரரும் தத்தம் வாழ்க்கையில் கண்ட நியாயத்தை அளவுகோலாகக் கொண்டு அந்த முடிவை அளந்து பார்த்தார்கள். ஒரு கதையின் முடிவைப் பற்றி மக்கள் மனமாரப் பூசலிடுகிறார்கள் என்றால், அந்தக் கதை ஏட்டில் இருந்தாலும் அரங்கில் இருந்தாலும் தொலைக்காட்சித் திரையில் இருந்தாலும், இலக்கிய விசாரணைக்கு வேண்டிய சரக்கு அங்கே நிறைய இருக்கிறது என்பது என் துணிபு. ஆகையினால்தான், சதுரங்கப் போட்டிகளைப் பற்றிய தொடர் ஒன்றையும், அதன் முடிவை ஒட்டி ரசிகர்களிடையே எழுந்த விவகாரத்தையும் இன்று உங்கள் முன் எடுத்துக்கொண்டேன்.

2020ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'தி குயின்ஸ் கேம்பிட்' என்னும் அந்தத் தொடர் ஏழு பாகங்களே உடையது. வால்டர் டெவிஸ் என்ற அமெரிக்க நாவலாசிரியர் 1983இல் அதே பெயரில் எழுதிய நவீனத்தைத் தழுவி ஸ்காட் ஃப்ராங்க் அதை இயக்கினார். ஆன்யா டெய்லர்-ஜாய் என்ற இளம் நடிகை கதாநாயகி பெத் ஹார்மனாக நடித்தார். பெருந்தொற்றுக்கு அஞ்சி உலகமே கதவடைத்து வீட்டுக்குள் இருந்த காலம் அது. முதல் 28 நாள்களில் 6 கோடியே 20 லட்சம் குடும்பங்கள் அதைப் பார்த்ததாக நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவில் சதுரங்கப் பலகைகளின் விற்பனை திடீரென்று பெருகியது. சதுரங்கம் என்றாலே கொட்டாவி விடுகிறவர்களும் இரவு முழுதும் விழித்திருந்து ஒரு கற்பனைப் பெண்ணின் வெற்றிக்காக ஏங்கினார்கள் என்பது கலை செய்த காரியம்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெண்டக்கி மாநிலத்தில், தாய் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகித் தாய் மாண்டுபோக, உயிர் பிழைத்த சிறுமி மெத்துவன் என்னும் அநாதை விடுதியில் சேர்க்கப்படுகிறாள். கரும்பலகை டஸ்டர்களைத் தட்டித் தூசி போக்கிவர நிலவறைக்கு அனுப்பப்பட்டவள், விடுதியைப் பராமரிக்கும் ஷைபெல் என்ற பணியாளர் தன்னந்தனியே ஒரு பலகையின் முன் உட்கார்ந்து காய் நகர்த்திக்கொண்டிருப்பதைப் பார்க்கிறாள். பெண்பிள்ளைகள் ஆடும் ஆட்டம் இதுவன்று என்று முதலில் மறுத்த அந்த மனிதர், அவள் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டதை அறிந்ததும் எதிரே உட்காரவைத்துக் கற்பிக்கிறார். குழந்தைகளை அமைதிப்படுத்துவதற்காக விடுதியார் கொடுத்த மாத்திரைகள் அவளைப் பிடித்துக்கொள்கின்றன; இரவில் அவற்றை விழுங்கிவிட்டுக் கூரையை நோக்கினால் சதுரங்கக் காய்கள் அங்கே தலைகீழாக நின்று நகர்கின்றன. தத்துக்கொடுக்கப்பட்டு, போட்டிகளில் வென்று, குடிக்கும் அடிமையாகி, போர்கோவ் என்ற சோவியத் வீரரிடம் மெக்சிகோவிலும் பாரிஸிலும் தோற்று, இறுதியில் 1968ஆம் ஆண்டு மாஸ்கோ நகரில் அவரை வெல்கிறாள்.

இந்த முடிவு மிகையான இனிப்பு என்பதே ரசிகர்களில் ஒரு சாரார் சொன்ன குறை. இத்தனை ஆண்டுகள் குடியிலும் மாத்திரையிலும் ஊறிப்போன பெண் இறுதிப் பாகத்தில் அவ்வளவு எளிதாகத் தெளிந்துவிடுவாளா என்று கேட்டார்கள். இந்த ஆட்சேபம் நியாயமானது. நான் அதற்குச் சமாதானம் தேட மாட்டேன். டெவிஸ் இதயநோய்ப்பட்ட சிறுவனாக மருத்துவ இல்லத்தில் கிடந்தபோது இத்தகைய மயக்க மருந்துகளை ஊட்டப்பட்டவர். பிற்காலத்தில் மதுவோடும் போராடியவர். தம் உடம்பால் அறிந்ததையே எழுதினார். அந்த வேதனையைத் தொடர் நான்கைந்து பாகங்கள்வரை பொறுமையாகக் காட்டிவிட்டு, மீட்சியை மட்டும் அவசரமாகக் கடந்துபோகிறது. ஆயினும் கடைசி ஆட்டத்தில் அவள் ஒரு மாத்திரையும் விழுங்காமல் மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்க்க, காய்கள் அங்கே தாமாகவே வந்து நிற்பதாகக் காட்டினார்களே, அந்த ஒரு காட்சியில் பெரிய உண்மை இருக்கிறது. திறமை மருந்தில் இருந்ததென்று அவளே நம்பியிருந்தாள். அவளுடைய ஆட்டத்தைக் கண்டு வியந்த நாமும் பாதி நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை பொய் என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

இன்னொரு குறை, சதுரங்கத்தைத் தொழிலாகக் கொண்ட பெண்மணிகளிடமிருந்தே வந்தது. 1991இல் பதினைந்தாம் வயதில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்று பாபி ஃபிஷருடைய சாதனையை முறியடித்த ஹங்கேரியின் ஜூடித் போல்கார், இந்தக் கதையில் வரும் ஆண்கள் கதாநாயகியிடம் மிதமிஞ்சிய கண்ணியத்தோடு நடந்துகொள்கிறார்கள், தாம் கண்ட உலகம் அப்படி இருந்ததில்லை என்ற கருத்தைச் சொன்னார். தோற்ற ஆண்கள் எல்லோரும் அவளுக்கு நண்பர்களாகிவிடுகிறார்கள். போர்கோவே தம் ராஜாவை அவள் கையில் கொடுத்துத் தழுவிக்கொள்கிறார். தொடருக்குச் சதுரங்க ஆலோசகர்களாக இருந்தவர்கள் இருவர். ஒருவர் புரூஸ் பாண்டொல்ஃபினி, மற்றவர் கேரி காஸ்பரோவ். அந்தக் காஸ்பரோவை 2002ஆம் ஆண்டு, அதே மாஸ்கோ நகரில், ரஷ்ய அணிக்கும் உலக அணிக்கும் நடந்த போட்டியில் போல்கார் விரைவாட்டத்தில் வென்றார் என்பதை நினைத்துக்கொண்டு அவருடைய கருத்தைப் படித்தால், அது எத்தனை ஆண்டுக் கால அநுபவத்திலிருந்து வந்த வாக்கு என்பது புலனாகும்.

நான் நெடுநேரம் தங்க விரும்புவது மூன்றாவது ஆட்சேபத்தில்தான். இறுதி ஆட்டம் ஒரே நாளில் முடியவில்லை, மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அன்றிரவு, மாஸ்கோவுக்குச் செய்தியாளராக வந்திருக்கும் டவுன்ஸ் என்ற பழைய நண்பன் உடனிருக்க, நியூயார்க்கிலிருந்து தொலைபேசி வருகிறது. மறுமுனையில், ஒரு காலத்தில் அவளிடம் தோற்ற பென்னி வாட்ஸ், ஹாரி பெல்டிக் ஆகியோரும் இரட்டைச் சகோதரர்கள் முதலிய நண்பர்களும் ஒரு பலகையைச் சூழ்ந்திருந்து, போர்கோவ் இப்படி ஆடினால் நீ இப்படி ஆடு என்று ஒவ்வொரு வழியாக ஆராய்ந்து சொல்கிறார்கள். ஏழு பாகங்களாகத் தனித்து நின்ற பெண்ணைக் கடைசியில் ஆண்கள் கூட்டமாக வந்து காப்பாற்றுவதா என்று பலர் கோபித்தார்கள். அயலார் ஆலோசனை பெற்று ஆடுவது சதுரங்க தர்மத்துக்கு அடுக்குமா என்று சந்தேகித்தவர்களும் உண்டு.

இங்கே அந்தக் காலத்துச் சம்பிரதாயத்தை அறிந்துகொள்வது அவசியம். பெரிய போட்டிகளில் ஐந்து மணி நேரத்தில் இரு தரப்பும் நாற்பது நகர்த்தல்களை முடித்த பிறகும் ஆட்டம் தீராவிட்டால் அதை ஒத்திவைப்பார்கள். அடுத்து ஆட வேண்டியவர் தம் நகர்த்தலைப் பலகையில் வைக்காமல் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிடுவார்; நடுவர் மறுநாள் இருவர் முன்னிலையிலும் உறையைப் பிரித்து, எழுதியிருந்ததைப் பலகையில் ஆடிக்காட்டிக் கடிகாரத்தை ஓடவிடுவார். உறைக்குள் என்ன இருக்கிறது என்பது எழுதியவருக்கன்றி வேறொருவருக்கும் தெரியாது. இடைப்பட்ட இரவில் யார் யாருடன் கூடி ஆராய்ந்தாலும் தடையில்லை. 1990களில் கணிப்பொறிகள் மனிதரைவிட வலிமையாக ஆடத் தொடங்கியதும் இவ்வழக்கம் மறைந்துபோயிற்று. ஆனால் அது நிலவிய காலத்தில் அந்த இரவுகளே பல ஆட்டங்களின் தலைவிதியை நிர்ணயித்தன. 1962இல் பல்கேரியாவின் வார்னா நகரில் நடந்த ஒலிம்பியாடில் இளைஞர் ஃபிஷரும் உலகச் சாம்பியன் போத்வின்னிக்கும் மோதிய ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒத்திவைக்கப்பட்டபோது ஃபிஷர் கை ஓங்கியிருந்தது. வெற்றி அவருக்கே என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அன்றிரவு சோவியத் வீரர்கள் கூடியிருந்து ஆராய்ந்தார்கள். கெல்லர் என்ற கிராண்ட்மாஸ்டர் யானையைக் கொண்டு தற்காத்துக்கொள்ளும் நுட்பமான ஓர் உபாயத்தைக் கண்டுபிடித்தார். மறுநாள் ஆட்டம் டிராவில் முடிந்தது.

இதனை அறிந்தவர்களுக்கு அந்தத் தொலைபேசி வேறுவிதமாக ஒலிக்கும். சோவியத்காரர்கள் கூடி உழைக்கிறார்கள், ஒத்திவைத்த ஆட்டங்களில் ஒருவருக்கொருவர் தோள்கொடுக்கிறார்கள், நாமோ ஒருவர் உதவியையும் ஏற்காத தனிமனிதர்களாக இருக்கிறோம் என்று பென்னி வாட்ஸ் இதற்குமுன் அவளிடம் வருந்திச் சொன்னவன். அவனே எல்லோரையும் கூட்டிக்கொண்டு, இரவு முழுதும் கண்விழித்து, கடல் கடந்து பேசுகிறான் என்றால், எதிரியின் மிகச் சிறந்த வித்தையை அந்த இளைஞர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பது பொருள். மறுநாள் ஆடப்போவது தானில்லை, தன் பெயர் பத்திரிகையில் வராது என்று தெரிந்தும், முன்பு தன்னைத் தோற்கடித்தவளுக்காக ஒருவன் ஓர் இரவைச் செலவிடுவது அபூர்வமான உபகாரம். அந்த உபகாரத்துக்கும் எல்லை உண்டு என்பதையும் கதாசிரியர்கள் மறக்கவில்லை. மறுநாள் ஆட்டம் அவர்கள் ஊகித்த வழியிலேயே சிறிது தூரம் சென்று, போர்கோவ் எவரும் எதிர்பாராத ஒரு நகர்த்தலை ஆடியதும் நண்பர்கள் தந்த குறிப்புகளெல்லாம் பயனற்றுப்போகின்றன. அவர் டிரா கேட்கிறார், அவள் மறுக்கிறாள், அதன்பின் கண்டதெல்லாம் அவள் தானே கண்டது. இந்த ஆட்டத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது 1993இல் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் இவான்சுக்கும் பாட்ரிக் வுல்ஃபும் ஆடிய மெய்யான ஆட்டம். அது டிராவில் முடிந்தது. அதில் ஒரு கட்டத்துக்கு மேல் வெற்றிக்கான வேறு வழியைக் காஸ்பரோவ் வகுத்துக் கொடுத்தார். உண்மையில் இருவர் கைகுலுக்கி எழுந்துபோன ஆட்டத்தை, இன்னொருவருடைய அறிவு கதைக்குள் வெற்றியாக்கியிருக்கிறது. அந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே கூட்டுழைப்பு இருந்திருக்கிறது.

ஆகவே இந்த முடிவை வெற்றியின் கதையாகப் பார்க்கிறவர்களுக்கு அது திகட்டுவதில் வியப்பில்லை. நான் அதைக் கடனின் கதையாகப் பார்க்கிறேன். ஷைபெல்லுக்கு அவள் ஒரு கடன்பட்டிருந்தாள். முதற்போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்ட வழியில்லாதபோது ஐந்து டாலர் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினாள். வென்றால் பத்தாகத் திருப்பித் தருவதாக வாக்களித்தாள். பணம் வந்தது, வெற்றியும் வந்தது, பத்து டாலர் போகவில்லை. புகழ் வந்தபோது 'லைஃப்' பத்திரிகை அவளைப் பேட்டி கண்டது. தன்னைப் பெண் என்று வியந்து எழுதியவர்கள் ஷைபெல்லைப் பற்றித் தான் சொன்னதை அச்சிடவில்லையே என்று அவள் வளர்ப்புத் தாயிடம் குறைப்பட்டாள். ஆனால் அதோடு விட்டுவிட்டாள். அவரைப் போய்ப் பார்க்கவில்லை.

இறுதிப் பாகத்தில் அவர் இறந்த செய்தியை அநாதை விடுதித் தோழி ஜோலீன் கொண்டுவருகிறாள். ஈமச்சடங்குக்குப் பின் பெத் மட்டும் அந்த நிலவறைக்குள் இறங்குகிறாள். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கருகே சுவரில், முதல் நாள் தொட்டு அவளைப் பற்றி வெளிவந்த செய்தித்தாள் நறுக்குகளெல்லாம் ஒழுங்காகக் குத்திவைக்கப்பட்டிருக்கின்றன. அவள் ஐந்து டாலர் கேட்டு எழுதிய கடிதமும் இருக்கிறது. அவளும் அவருமாக நிற்கும் பழைய புகைப்படமும் இருக்கிறது. வசனம் ஒன்றுமில்லை. அவள் படத்தை எடுத்துக்கொண்டு காருக்கு வந்து, கதை தொடங்கிய நாள் முதல் அடக்கிவைத்திருந்த அழுகையையெல்லாம் ஜோலீன் தோளில் சாய்ந்து அழுது தீர்க்கிறாள். தாய் இறந்தபோதும் அழாதவள், வளர்ப்புத் தாய் இறந்தபோதும் இப்படிக் கதறாதவள், ஒரு சுவரின் முன் உடைந்துபோனாள். ஊரறியாத ஒரு மனிதர் இத்தனை ஆண்டுகளாக நிலவறையில் இருந்துகொண்டு தன்னைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறார் என்ற அறிவு அவளை உலுக்கிவிடுகிறது. தொடர் முழுவதிலும் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது இக்காட்சியே. மாஸ்கோ வெற்றி இதற்குப் பின்னால் வருவதனால்தான் அதற்கு எடை இருக்கிறது.

ஜோலீனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சட்டக்கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்துவைத்த பணத்தை எடுத்து அவள் பயணச் செலவுக்குக் கொடுக்கிறாள். கறுப்பினப் பெண் ஒருத்தி வெள்ளைக் கதாநாயகியைத் தூக்கிவிடுவதற்காக மட்டும் கதைக்குள் கொண்டுவரப்பட்டாள் என்று அமெரிக்காவில் பலர் கசந்து பேசினார்கள். அவள் தானொன்றும் காவல் தெய்வமில்லை என்று வாய்விட்டுச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள். எனினும் வசனத்தில் மறுத்ததைக் கதையமைப்பு மறுக்கவில்லை. அவளுடைய வாழ்க்கையை இன்னும் இரண்டு காட்சிகளில் காட்டியிருந்தால் அந்தக் கடனுக்கும் கனம் கூடியிருக்கும்.

மாஸ்கோவில் அவள் என்ன செய்தாள்? நிருபர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, தனக்கு ஆட்டம் கற்பித்தவர் மெத்துவன் விடுதியின் பணியாளர் ஷைபெல் என்று பெயர் சொல்லி, அதைத் தவறாமல் அச்சிடுமாறு கேட்டுக்கொண்டாள். அரசாங்க அதிகாரி காரில் அமர்ந்து, வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியோடு படமெடுக்கும் வைபவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகையில், அவள் காரை நிறுத்தி இறங்கிவிடுகிறாள். வெண்ணிற உடையும் வெண்ணிறத் தொப்பியுமாகப் பலகையின் வெள்ளை ராணிபோல் நடந்து, பூங்காவில் கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்து சதுரங்கம் ஆடும் இடத்துக்குப் போகிறாள். அவர்கள் அவளை அடையாளம் கண்டு மகிழ்ந்து சூழ்ந்துகொள்கிறார்கள். ஒரு கிழவரின் எதிரே அமர்ந்து, ஆடலாம் என்று அவருடைய மொழியிலேயே அழைக்கிறாள். பூங்காவில் ஒரு முதியவரோடு ஆட உட்காருவதாக முடிப்பது நாவலிலும் உள்ளதே. அந்தக் கிழவரில் ஷைபெல்லைக் கண்டதாகப் பார்த்தவர்கள் பலரும் சொன்னார்கள், சரியாகத்தான் கண்டார்கள். நிலவறையில் ஆட மாட்டேன் என்று மறுக்கப்பட்ட சிறுமி, பரிசும் கடிகாரமும் பெயர்ப்பலகையும் இல்லாத இடத்தில், தானே முன்வந்து ஒரு முதியவரை ஆட்டத்துக்கு அழைக்கிறாள். பத்து டாலரைத் திருப்பித் தர இறந்தவரிடம் போக முடியாது, அவரையொத்தவரிடம் போகலாம்.

இத்தனை அழகாகக் கடன் தீர்த்த அதே பாகத்தில் ஒரு பெரிய கடன் மறுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் என் மனத்தை உறுத்துவது. மாஸ்கோ ஆட்டத்தை வருணிக்கும் குரல் ஒன்று, ரஷ்யாவில் நோனா கப்ரிந்தாஷ்விலி என்ற பெண் உண்டு, ஆனால் அவர் பெண்களுக்கான உலகச் சாம்பியன், ஆண்களை எதிர்கொண்டதே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது. கப்ரிந்தாஷ்விலி கற்பனைப் பாத்திரம் அல்லர். 1941இல் ஜார்ஜியாவின் ஜுக்தீதி நகரில் பிறந்தவர். ரஷ்யர் அல்லர், ஜார்ஜியர். 1962 முதல் 1978 வரை பெண்களுக்கான உலகச் சாம்பியனாக விளங்கியவர். கதை நடக்கும் 1968ஆம் ஆண்டுக்குள்ளாகவே குறைந்தது 59 ஆண்களோடு ஆடியிருந்தார். அவர்களில் 28 பேரோடு ஒரே நேரத்தில் ஆடினார். 1977இல் கலிபோர்னியாவின் லோன் பைன் போட்டியில் ஆண் கிராண்ட்மாஸ்டர்கள் பலரிடையே முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு, மறு ஆண்டில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதற்பெண் ஆனார். திபிலீசியில் அவர் பெயரால் சதுரங்க மாளிகையே நிற்கிறது. அவருக்கும் முன்பே வேரா மென்சிக் என்ற அம்மையார் 1929இல் கார்ல்ஸ்பாத் போட்டியில் ஆண் வல்லுநர்களுக்கு இணையாக உட்கார்ந்து ஆடினார். பின்னாளில் உலகச் சாம்பியனான ஆய்வேயே அவரிடம் தோற்றிருக்கிறார்.

தொடரைப் பார்த்த கப்ரிந்தாஷ்விலி 2021 செப்டம்பரில், தம் எண்பதாம் வயதில், அமெரிக்க நீதிமன்றத்தில் 50 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். கற்பனைக் கதைக்கு இந்தச் சுதந்திரம் உண்டு என்று நிறுவனத்தார் வாதிட்டார்கள். வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி 2022 ஜனவரியில் மறுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் இரு தரப்பும் சமாதானம் செய்துகொண்டன. சட்டத்தின் காரியம் அத்துடன் முடிந்தது. ரசிகர்களின் தர்க்கத்தில், இது ஒரு வரிதானே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டவர்களையும் நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில், 'லைஃப்' பத்திரிகை செய்ததும் அவ்வளவே என்பது. அதுவும் ஷைபெல்லின் பெயரை விட்டுவிட்டது, அவ்வளவுதான். அந்தச் சிறிய மறதிக்காகக் கதாநாயகி வருந்தியதை நமக்குக் காட்டி, நம்மையும் வருந்தச் செய்து, கடைசியில் அதை அவள் திருத்துவதைக் கண்டு கண் கலங்கவைத்த கலைஞர்கள், உயிரோடு இருக்கும் ஒரு முன்னோடியின் வாழ்நாள் உழைப்பை ஒரு வரியில் இல்லையென்று ஆக்கியது எப்படி நேர்ந்தது?

டெவிஸின் நாவலைத் திறந்து பார்த்தால் வியப்பு அதிகமாகிறது. 1983இல் அவர் கப்ரிந்தாஷ்விலியைக் குறிப்பிட்டபோது, இந்தப் போட்டியின் தரத்துக்கு எட்டாதவர் என்று எழுதினாலும், அங்கே வந்திருந்த ரஷ்ய கிராண்ட்மாஸ்டர்களைப் பலமுறை எதிர்த்து ஆடியவர் என்பதை ஒப்புக்கொண்டே எழுதினார். மூலத்தில் சரியாக இருந்த செய்தியைத் திரைக்கதை தலைகீழாக மாற்றிக்கொண்டது. கதாநாயகி ஆண்கள் நடுவே முதல் முதலாக நுழையும் பெண்ணாகத் தோன்ற வேண்டும், அவளுக்குமுன் பாதை இருந்ததாகத் தெரியக்கூடாது என்ற ஆசையே இதற்குக் காரணம் என்று ஊகிக்கிறேன். அந்த ஆசைக்கு அவசியமே இருக்கவில்லை. ஷைபெல்லின் ஐந்து டாலரும், ஜோலீனின் சேமிப்பும், பென்னியின் கண்விழிப்பும் அவள் வெற்றியைச் சிறிதும் குறைக்கவில்லை என்று ஏழு பாகங்களாக நிரூபித்துவிட்ட பிறகு, நோனாவின் ஆட்டங்கள் மட்டும் அதை எப்படிக் குறைத்திருக்கும்? அதே மாஸ்கோ மண்டபத்தில், ரசிகர்கள் வரிசையில், ஜார்ஜியப் பெண்மணி ஒருவர் அமர்ந்து அவள் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டிருப்பதாக ஒரு கணம் காட்டியிருந்தால் போதும். பூங்காவுக்கு நடந்துபோகும் பெத் ஹார்மனை நாம் இன்னும் நிறைந்த மனத்தோடு தொடர்ந்திருப்போம்.